எந்தத் தமிழுக்குச் சிவப்புக் கோடு?

தொடக்கநிலை நான்கில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் எழுதக்கூடிய வரிகளைப் பாருங்கள்.

முதல் பிள்ளை எழுதுவது: "நேத்து பாட்டி வீட்டுக்குப் போனோம். பாட்டி எங்களுக்காக இடியாப்பம் செஞ்சு வச்சிருந்தாங்க."

இரண்டாவது பிள்ளை எழுதுவது: "நான் பல்லிக்குப் பேருந்து எடுத்தேன்."

இந்த வரிகளை நான் ஒரு பிழைதிருத்தியில் போட்டுப் பார்த்தேன். (பெயர் வேண்டாம். இதே வகைக் கருவிகள் நிறைய இருக்கின்றன.) முதல் பிள்ளையின் வரியில் நேத்து, செஞ்சு, வச்சிருந்தாங்க என்று மூன்று சிவப்புக் கோடுகள் விழுந்தன. இரண்டாவது பிள்ளைக்கு ஒன்றுகூட விழவில்லை. வல்லினம்கூட சரியான இடத்தில் மிகுந்திருக்கிறதே! பஸ் பிடித்துப் பல்லியைப் பார்க்கப் போன பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்குகிறது. பாட்டி வீட்டில் இடியாப்பம் சாப்பிட்ட பிள்ளை மூன்று பிழை செய்ததாகக் கணக்காகிறது.

நீங்களும் நானும் இந்த இரண்டு தாள்களைத் திருத்தினால் என்ன நினைப்போம்? முதல் பிள்ளைக்குத் தமிழ் இருக்கிறது. அது தமிழில் யோசிக்கிறது, வினையெச்சம் போட்டு வாக்கியத்தைத் தொடுக்கிறது. எழுத்துத்தமிழ் வடிவத்தை மட்டும் அதற்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது பிள்ளை ஆங்கிலத்தில் யோசித்துச் சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதுகிறது. லகர ளகர வேறுபாடும் பிடிபடவில்லை. அதிக உதவி அதற்குத்தான் தேவை. கருவி சொல்வதோ நேர்மாறு.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எஸ்.எல்.எஸ். தளத்தில் ஆங்கிலக் கட்டுரைகளுக்கு மொழிப் பின்னூட்டம் தரும் உதவிக்கருவி வந்துவிட்டது. தமிழுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று பெற்றோரும் கேட்கிறார்கள், நாமும் கேட்கிறோம். தனியார் நிறுவனங்களும் பள்ளிகளுக்கு வந்து திரையில் போட்டுக் காட்டுகின்றன. கேட்பது நியாயம்தான். நாற்பது கட்டுரைகளைத் திருத்தி முடிக்கும் இரவு எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கருவி வருவதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: இது எந்தத் தமிழைச் சரி என்று எடுத்துக்கொள்கிறது?

பிழைதிருத்தி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஒரு சொற்பட்டியலை வைத்துக்கொண்டே ஓரளவு சமாளித்துவிடலாம். தமிழில் முடியாது. 'வீடு' என்ற ஒரு சொல் வீட்டை, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்துதானே என்று வளர்ந்துகொண்டே போகும். அதனால் வேர்ச்சொல்லையும் விகுதிகளையும் பிரித்துப் பார்க்கும் நிரல் வேண்டும். நீச்சல்காரனின் வாணி, சந்திப்பிழைக்கான நாவி, பேராசிரியர் தெய்வசுந்தரத்தின் மென்தமிழ் ஆகியவை இந்தக் கடினமான வேலையில் இறங்கியவை. பெரிய முதலீடு இல்லாமல், தமிழ்மீது உள்ள பற்றால் பல ஆண்டு உழைத்தவர்களின் வேலை அது. அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. எழுதத் தெரிந்தவர் எழுதியதைச் சரிபார்ப்பதற்கு அவை உதவும். நானே சுற்றறிக்கை எழுதும்போது பயன்படுத்துகிறேன்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், எழுதத் தெரிந்தவருக்குச் செய்த கருவியைக் கற்றுக்கொண்டிருப்பவர் கையில் கொடுக்கும்போதுதான். எழுதத் தெரிந்தவர் அவசரத்தில் விரல் தவறிப் பிழை செய்வார். கோடு விழுந்ததும் அவருக்கே புரிந்துவிடும். நம் பிள்ளையின் பிழை அந்த வகை இல்லை. "நான் ஐஸ்கிரீம் பிடிக்கும்" என்று எழுதும் பிள்ளையின் வாக்கியத்தில் மூன்று சொல்லும் சரியான சொல்தான். 'எனக்கு' என்று வந்திருக்க வேண்டும். பிடிக்கும், பசிக்கும், தெரியும், வேண்டும் போன்ற வினைகளுக்கு நான்காம் வேற்றுமை வேண்டும் என்பது பிள்ளைக்கு இன்னும் பழகவில்லை, ஆங்கில வாக்கியம் குறுக்கே நிற்கிறது. சொல்லைத் தனித்தனியாகப் பார்க்கும் கருவிக்கு இது தெரியவே தெரியாது. மணம்/மனம், கோழி/கோலி, வழி/வலி எல்லாம் இதே கதைதான். பிள்ளை தவறாக எழுதினாலும் அகராதியில் அப்படி ஒரு சொல் இருக்கிறது, அதனால் கருவி பேசாமல் இருந்துவிடுகிறது.

'பஸ் எடுத்தேன்' பற்றி ஒரு வார்த்தை. இங்கே பெரியவர்களும் அப்படித்தான் பேசுகிறோம். ஆசிரியர் அறையில்கூட "எம்.ஆர்.டி. எடுத்து வந்துட்டேன்" என்பது சாதாரணம். அது பிழையா, அல்லது சிங்கப்பூர்த் தமிழில் வேரூன்றிவிட்ட வழக்கா என்று நாம் உட்கார்ந்து வாதம் செய்யலாம். கட்டுரையில் 'ஏறினேன்', 'பிடித்தேன்' என்று எழுதச் சொல்வேன், பேச்சில் விட்டுவிடுவேன் என்பது என் நிலை. உங்கள் நிலை வேறாக இருக்கலாம். அந்த முடிவு ஆசிரியரின் முடிவாக இருக்க வேண்டும். எங்கோ உட்கார்ந்து நிரல் எழுதியவர் தன்னை அறியாமலேயே நமக்காக முடிவு செய்துவிடக் கூடாது.

இப்போது முதல் பிள்ளைக்கு வருவோம். எனக்கு அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கவலை அதிகம்.

2005ஆம் ஆண்டு தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் தரமான பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கப் பரிந்துரைத்தது. அதற்குமுன் வகுப்பறைப் பேச்சிலும் எழுத்துத்தமிழின் ஆதிக்கம்தான். பிள்ளை வாய்திறந்து "அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தோம். அப்படி எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. தமிழ் என்றாலே வாழ்க்கைக்குத் தொடர்பில்லாத ஒரு தேர்வுமொழி என்று பிள்ளைகள் நினைக்க அதுவும் ஒரு காரணம். பேச்சுத்தமிழுக்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு என்பது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஹெரால்டு ஷிஃப்மன் 1999ல் பேச்சுத்தமிழுக்கு ஒரு முழு இலக்கண நூலே வெளியிட்டார். கொச்சை வேறு, வட்டார வழக்கு வேறு, படித்தவர்கள் பொதுவில் பேசும் தரமான பேச்சுத்தமிழ் வேறு என்பதை நம் ஆசிரியர்களிடம் விளக்கி ஒப்புக்கொள்ள வைக்கவே எத்தனை பயிலரங்குகள் தேவைப்பட்டன! இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளாதவர்களும் நம்மில் உண்டு.

அந்த முடிவைத்தான் ஒரு சிவப்புக் கோடு சத்தமில்லாமல் திருப்பி எழுதிவிடும் என்கிறேன். எந்தக் குழுவும் கூடவில்லை, யாரும் வாக்களிக்கவில்லை. ஆனால் வாரம் மூன்று முறை திரைமுன் உட்காரும் பிள்ளைக்கு, 'செஞ்சு' தப்பு, 'வச்சிருந்தாங்க' தப்பு, 'நேத்து' தப்பு என்று கருவி சொல்லிக்கொண்டே இருக்கும். பாட்டியிடம் கேட்டுக் கற்ற தமிழ் அத்தனையும் தப்பு என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடு. 2020ல் அது 2.5 விழுக்காடு. வீட்டில் தமிழ் கேட்டு வளரும் பிள்ளை நம் வகுப்பில் அரிதாகிக்கொண்டே வரும் காலத்தில், அந்தப் பிள்ளையைப் பார்த்தா கோடு போடுவது?

"இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு அப்படி இல்லையே, பேச்சுத்தமிழும் அதற்குப் புரிகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பெரிய மொழி மாதிரிகளுக்குச் 'செஞ்சு வச்சிருந்தாங்க' நன்றாகவே புரிகிறது. ஏஐ சிங்கப்பூரின் சீலயன் மாதிரியில் தமிழும் ஒரு மொழியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் புரிந்துகொள்வது ஒரு வேலை, திருத்துவது இன்னொரு வேலை. அப்படிப்பட்ட ஒரு உரையாடல் கருவியிடம் பாட்டி வரிகளைக் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். வந்தது இது: "நேற்று நாங்கள் எங்கள் பாட்டியின் இல்லத்திற்குச் சென்றோம். அவர் எங்களுக்காக அன்புடன் சுவையான இடியாப்பம் தயாரித்து வைத்திருந்தார்."

இலக்கணப்படி குறையே இல்லை. ஆனால் 'வீடு' எப்படி 'இல்லம்' ஆனது? 'அன்புடன்', 'சுவையான' இரண்டும் யாருடைய சொற்கள்? பிள்ளை சொல்லாததைக் கருவி சொல்லிவிட்டது. திருத்தம் கேட்டால் அலங்காரம் கிடைக்கிறது. 'வீட்டுக்கு' என்பதைத் தொடவே தேவையில்லை. மாற்ற வேண்டியது மூன்று சொல்தான்: நேற்று, செய்து, வைத்திருந்தார். அந்த மூன்றும் எவை என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் ஒரு பாடம் நடந்திருக்கும். மொத்த வரியும் மாறி வந்தால் பிள்ளை அதை அப்படியே எடுத்து ஒட்டும், அவ்வளவுதான்.

இன்னொரு பலவீனமும் உண்டு, அது கொஞ்சம் தொழில்நுட்பம். கணினியின் யூனிகோடு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் எடுக்கும். 'படிக்கிறேன்' நமக்கு ஆறு எழுத்து. கணினிக்குப் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி என்பதால் அது 11 குறி, 33 பைட். பெரிய மாதிரிகள் சொல்லை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. அடிக்கடி சேர்ந்து வரும் துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கும். ஆங்கிலத்தை அதிகம் பார்த்துப் பழகிய மாதிரி, தமிழை நம் அசைக்கும் விகுதிக்கும் பொருந்தாத இடங்களில் நறுக்கலாம். அதனால்தான் கதை எழுதச் சொன்னால் எழுதித் தள்ளும் கருவி, "இந்தச் சொல்லில் எந்த எழுத்து தவறு?" என்று கேட்டால் சில நேரம் இல்லாத பிழையைக் காட்டி, இருக்கும் பிழையை விட்டுவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு வேண்டியதோ பெரும்பாலும் இந்த எழுத்தளவு உதவிதான்.

வாய்மொழிப் பயிற்சிக்கு வரும் கருவிகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. பேச்சை எழுத்தாக்கும் தொழில்நுட்பம் எதற்காகச் செய்யப்பட்டது என்று யோசித்துப் பாருங்க. பேசுபவர் சொல்ல நினைத்ததை ஊகித்துச் சரியாக எழுதுவதற்கு. பிள்ளை "நான் பல்லிக்குப் போனேன்" என்று சொன்னால், 'பள்ளிக்குப் போனேன்' என்பதே அதிகம் வரும் தொடர் என்று கணித்து நல்ல கருவி 'பள்ளி' என்றே எழுதிவிடும். கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பிள்ளையின் உச்சரிப்புப் பிழை மறைந்துபோகும்! திரையில் சரியாக வந்ததைப் பார்த்து, நான் சரியாகச் சொன்னேன் என்று பிள்ளை நம்பும். உச்சரிப்பை மதிப்பிடுவதற்கு வேறு முறை இருக்கிறது. சொல்ல வேண்டிய ஒலி எது என்பதை முன்கூட்டியே கருவிக்குச் சொல்லிவிட்டு, காதில் விழுந்தது அதற்கு எவ்வளவு நெருக்கம் என்று ஒலி ஒலியாக மதிப்பெண் போடுவது. விட், யங் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது பரவலானது. விற்க வருபவரிடம் "உங்கள் கருவி இந்த இரண்டில் எது?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லையென்றால் முதல் வகை என்று வைத்துக்கொள்ளலாம்.

குரல் தரவும் ஒரு பிரச்சினை. மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ்க் குரல்கள் நிறைய இருக்கின்றன. தொண்டூழியர்கள் திரையில் வரும் வாக்கியத்தைப் பார்த்து வாசித்துப் பதிவு செய்தவை. எழுதிய வாக்கியத்தை வாசித்தால் வருவது எழுத்துத்தமிழ்தானே. அதுவும் பெரும்பாலும் பெரியவர்களின் குரல். பத்து வயதுப் பிள்ளையின் தொண்டைக்குழாய் சிறியது, ஒலியலைகள் உயர்ந்திருக்கும், நடுவில் தயங்கும், "அது வந்து... வந்து..." என்று இழுக்கும். கூகல் மேகச் சேவையின் பேச்சுணரிப் பட்டியலில் சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் என்று தனித்தனிப் பெயர்கள் இருப்பதைப் பார்த்து மகிழலாம். பெயர் தனியாக இருப்பதாலேயே நம் பிள்ளைகளின் குரலைக் கேட்டுப் பழகியது என்று அர்த்தமாகிவிடாது. சிங்கப்பூர் ஆங்கில உச்சரிப்புக்கு வெளிநாட்டுக் கருவிகள் சரிவராது என்று உணர்ந்துதான் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் தேசியப் பேச்சுத் தொகுப்பை உருவாக்கியது. அதே நியாயம் நம் வகுப்பறைத் தமிழுக்கும் பொருந்தும். ஆனால் பிள்ளைகளின் குரலைச் சேமிப்பது விளையாட்டில்லை. யாரிடம் இருக்கும், எத்தனை நாள் இருக்கும், பெற்றோர் சம்மதம் எப்படி வாங்கப்படும் என்று எழுத்தில் பதில் வராமல் ஒரு மைக்கைக்கூட வகுப்பில் திறக்கக் கூடாது.

கட்டுரைக்கு மதிப்பெண் போடும் கருவி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. அமெரிக்காவில் எலிஸ் பேஜ் 1966லேயே இதைத் தொடங்கிவிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 2014ல், எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லெஸ் பெரல்மன் சில மாணவர்களோடு சேர்ந்து, பொருளே இல்லாத ஆங்கிலக் கட்டுரைகளைத் தானாக உருவாக்கும் ஒரு நிரலைச் செய்து, அவற்றுக்கும் இயந்திரம் நல்ல மதிப்பெண் போடுவதைக் காட்டினார். நம்மிடம் நிரலே தேவையில்லை. சூரியன் உதித்து, பறவைகள் பாடி, தென்றல் வீசிய பிறகுதான் கதையே தொடங்கும் கட்டுரைகளை நாம் பார்க்காததா? நடுவில் நான்கு மரபுத்தொடர், முடிவில் ஒரு பழமொழி. நாம் பழக்கிவிட்ட அந்த அச்சு, நாம் போட்ட மதிப்பெண்களைப் பார்த்துப் பழகும் இயந்திரத்துக்கு ரொம்பப் பிடித்துப்போகும்.

அப்படியானால் எதுவும் வேண்டாமா? வேண்டும். என் வகுப்பில் வந்தால் மகிழ்ச்சியோடு பயன்படுத்தக்கூடிய கருவி ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளை பேச்சுத்தமிழில் எழுதியதை அது பிழை என்று சொல்லாது. பக்கத்தில் எழுத்துத்தமிழ் வடிவத்தைக் காட்டும். இடப்பக்கம் 'செஞ்சு', வலப்பக்கம் 'செய்து'. பேச்சுப் பயிற்சி என்றால் திசையை மாற்றிக்கொள்ளலாம்.

இதற்குப் பெரிய செயற்கை நுண்ணறிவு தேவையே இல்லை, ஏனென்றால் இரண்டு தமிழுக்கும் இடையே ஒழுங்கு இருக்கிறது. படித்து 'படிச்சு' ஆகிறது, நினைத்து 'நினைச்சு' ஆகிறது, வைத்து 'வச்சு' ஆகிறது. ஆனால் எடுத்து 'எடுச்சு' ஆவதில்லை, கொடுத்து 'கொடுச்சு' ஆவதில்லை. தெரிந்து 'தெரிஞ்சு' ஆகிறது, நடந்து அப்படியே நிற்கிறது. முன்னால் இகரமோ ஐகாரமோ யகரமோ இருந்தால் தகரம் சகரமாகத் திரியும், அவ்வளவுதான் விதி. பாட்டி 'செஞ்சு' என்று சொல்வது இந்த விதிப்படிதான். இதைப் பிள்ளைகளிடம் கண்டுபிடிக்கச் சொன்னால் ஒரு நல்ல பாடமே கிடைக்கும். கருவி இல்லாவிட்டாலும் நாளைக்கே வெண்பலகையில் செய்து பார்க்கலாம்.

திரும்பும் வழிதான் கடினம். 'வந்தாங்க' என்பது 'வந்தார்' ஆகவும் இருக்கலாம், 'வந்தார்கள்' ஆகவும் இருக்கலாம். வந்தது ஒரு பாட்டியா, பாட்டியும் தாத்தாவுமா? முந்தைய வாக்கியத்தைப் பார்க்க வேண்டும். இந்த மாதிரி இடத்தில் பெரிய மாதிரிகள் உதவட்டும். அல்லது கருவியே பிள்ளையைக் கேட்கட்டும்: "வந்தது ஒருவரா, பலரா?" பிள்ளை யோசித்துப் பதில் சொல்லும் அந்த நிமிடம்தான் நமக்கு வேண்டியது.

ஆசிரியர் பக்கமும் உதவி வேண்டும். வகுப்பின் கட்டுரைகளை மொத்தமாகப் பார்த்து, யார் யாருக்கு ழகரம் தடுமாறுகிறது, யார் யார் 'நான் பிடிக்கும்' என்று எழுதுகிறார்கள் என்று பிரித்துத் தந்தால் போதும். கோடும் மதிப்பெண்ணும் பிள்ளையின் திரைக்குப் போகவே வேண்டாம். அடுத்த நாள் எந்தக் குழுவுக்கு எந்தப் பயிற்சி என்று நான் பார்த்துக்கொள்வேன்.

இதெல்லாம் கிடைக்க வேண்டுமானால் கருவி செய்பவர்களோடு நாம் முதலிலேயே உட்கார வேண்டும். 1997ல் இணையத்தில் தமிழுக்காக முதல் மாநாடு சிங்கப்பூரில் நடந்தபோது அதை முன்னின்று நடத்தியவர் திரு நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். ஆசிரியர்களை உருவாக்கும் பணியில் இருந்தவரே அன்று எழுத்துருவையும் விசைப்பலகையையும் பற்றிப் பேசும் இடத்தில் இருந்தார். இன்று நம்மை அழைப்பது எல்லாம் முடிந்த பிறகு, செய்முறை விளக்கத்தைப் பார்த்துக் கைதட்டத்தான்.

அடுத்த முறை உங்கள் பள்ளியில் அப்படி ஒரு விளக்கம் நடந்தால், அவர்கள் தயாரித்து வந்த வாக்கியங்களை ஓரமாக வைத்துவிட்டு இவற்றைப் போட்டுப் பாருங்கள். "நான் பல்லிக்குப் பேருந்து எடுத்தேன்." "எனது தம்பி நாயை பயம்." "பாட்டி இடியாப்பம் செஞ்சு வச்சிருந்தாங்க." "'ஏம்மா அழுவுறே?' என்று பாட்டி கேட்டார்." கடைசி வரியில் மேற்கோளுக்குள் பேச்சுத்தமிழ், வெளியே எழுத்துத்தமிழ். கதையில் உரையாடல் எழுதச் சொல்லி நாமே கற்றுக்கொடுப்பது இது. கருவி 'அழுவுறே'வுக்குக் கோடு போடுகிறதா என்று பாருங்கள். போட்டால், அதை நிறுத்தி வைக்க ஆசிரியருக்கு ஒரு பொத்தான் இருக்கிறதா என்று கேளுங்கள்.